தங்கலானும் தங்கவயல் குடும்பங்களும்

திரைப்படத்தைப் பொழுதுபோக்காக மட்டும் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆயினும், நம் முன்னோர் பட்ட பாட்டை ஒரு படம் பேச முற்படுமாயின், அதனை இலக்கியம் போலவே சீர்தூக்கிப் பார்த்தல் நம் கடமையாகும். பா. இரஞ்சித் இயக்கி 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த 'தங்கலான்' அத்தகைய படம்.

வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் விளைச்சலை நெருப்புக்கும் நிலத்தை மிராசுதாரருக்கும் பறிகொடுத்த ஒரு குடும்பம், பொன் தேடும் வெள்ளையன் கிளமெண்டின் பின்னே செல்கிறது. வெள்ளையன் ஒருவனே கொடியவன் என்று இப்படம் எளிதாகச் சொல்லி முடிக்கவில்லை. நம்மவர் மீது நம்மவரே சுமத்திய சாதிக் கொடுமை தாங்காமலன்றோ மக்கள் புறப்பட்டனர்! மார்மறைக்க உரிமையற்றிருந்த பெண்டிர் முதன்முதலாக இரவிக்கை அணிந்து மகிழும் காட்சியில், கங்கம்மாவாக வரும் பார்வதியின் முகத்தில் நாணமும் பெருமிதமும் ஒருங்கே தோன்றுகின்றன. நம் பாட்டிமார் ஊரைத் துறந்து இங்கு வந்த காரணம் அம்முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

எனினும் ஒரு குறை உண்டு. பொன்னைக் காக்கும் ஆரத்தியின் மாயம் வளர வளர, கங்கம்மாவின் அடுப்பும் குழந்தைகளும் பின்னணியாகிவிடுகின்றன. படம் பார்த்துத் திரும்புகையில், சுரங்கத் தொழிலாளியின் மனைவியாக வாழ்ந்த என் தாயார், "வேளை இல்லாத வேளையில சங்கு ஊதினா நாங்க ஓடினோமே, அது எங்கேப்பா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

இக்குறையை நீக்கும் வழிக்கு ஓர் ஆஸ்திரேலியப் படம் சான்றாகும். 2002இல் பிலிப் நாய்ஸ் இயக்கிய 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்', 1931இல் அரசு பறித்துச் சென்ற பழங்குடிச் சிறுமியர் மூவர், முயல்வேலியைத் துணையாகப் பற்றித் தாயை நாடி நடந்த உண்மைக் கதை. அங்கே மாயமில்லை, தாயின் ஏக்கமே ஓர் ஆட்சியின் கொடுமையை உரைத்துவிடுகிறது.

நமக்கோ அத்தகைய கதைகள் பல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் எழுந்த லைன் வீடுகள், கைரேகை பதிக்க மறுத்து 1930இல் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் பாறை வெடித்து மாண்டோர், 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் வேலை தேடிப் பெங்களூருக்கு விடியுமுன் ரயிலேறும் பிள்ளைகள் என அவை நீளும்.

'தங்கலான்' நாம் வந்த வழியைக் காட்டியது. வாழ்ந்த வாழ்வைக் காட்டும் படம் இனித்தான் பிறக்க வேண்டும். அதற்குரிய கதை நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது; சொல்லும் முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக!