மாடில்லாத ஊர்

ஒரு சின்னக் கற்பனை. நாளைக் காலையில் கண் விழிக்கிறீர்கள். மாடு, குதிரை, கழுதை, ஆடு எதுவுமே மனுஷனோடு பழகியதில்லை. எல்லாம் காட்டில். பால் கிடையாது, கடுங்காப்பிதான். அது போகட்டும். ஏர் இழுப்பது யார்? மூட்டை சுமப்பது யார்?

பாதி உலகம் அப்படித்தான் இருந்தது என்கிறார் ஜேரட் டைமண்ட். 1997-ல் வெளிவந்து, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்கிய 'கன்ஸ், ஜெர்ம்ஸ் அண்ட் ஸ்டீல்' புத்தகத்தில் அவர் போடும் கணக்கு சுவாரஸ்யமானது. பழக்கிப் பார்த்திருக்கக்கூடிய பெரிய மிருகங்கள் 148 வகை. பழகியவை 14. அதில் 13 ஐரோப்பா, ஆசியா பக்கம். அமெரிக்கக் கண்டங்களுக்குக் கிடைத்தது தென் அமெரிக்க லாமா வகை ஒன்றுதான். மெக்சிகோவின் அஸ்டெக்குகளிடம் நாயும் வான்கோழியும் இருந்தன. அந்த மண்ணில் சக்கரம் வைத்த பொம்மை செய்யத் தெரிந்திருந்தது, வண்டி செய்யவில்லை. இழுக்க மிருகம் ஏது? நெற்றியில் பட்டை மாட்டி மனுஷன் முதுகிலேயே சுமந்தார்கள். 1519-ல் கோர்ட்டெஸ் குதிரையோடு வந்திறங்கினார். 1520-ல் பெரியம்மை பரவியது. 1521-ல் தலைநகரம் விழுந்தது.

வெள்ளைக்காரன் ஜெயித்தது மூளையால் அல்ல, பூகோளத்தால் என்று பொட்டில் அடித்தாற்போல் சொன்னதற்காகவே டைமண்டுக்கு ஒரு கும்பிடு.

ஆனால், அவரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதற்கு நீங்கள் ராயபுரம் வரை வரவேண்டும்.

மெட்ராஸில் மாட்டுக்கா பஞ்சம்? மாட்டு வண்டி இருந்தது, ஜட்கா இருந்தது. இருந்தும் துரைமார்கள் பல்லக்கில் ஆள் தோளில்தான் போனார்கள். 1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் வரும்வரை, கப்பலில் வந்தவர்களை மசூலா படகில் ஏற்றி, அலையில் நனையாமல் ஆள் சுமந்து கரை சேர்த்தார்கள். அப்புறம் கை ரிக்‌ஷா. அதை ஒழிக்க 1973-ல் கலைஞர் ஆட்சி வரவேண்டியிருந்தது. காசிமேட்டு மீன்பாடி வண்டியைப் பாருங்கள். பழைய பைக் இன்ஜினைப் பொருத்துகிற வரைக்கும் அதற்கு இன்ஜின் ஒருத்தரின் கால் முட்டிதான்.

மிருகம் இருந்தும் ஏன் மனுஷன் இழுத்தான்? பி.காம். படித்தவனுக்கு இது சுலபமான கணக்கு. மாடு முதலீடு. காசு கொடுத்து வாங்கணும், வேலையில்லாத நாளிலும் தீனி போடணும், செத்தால் முதலாளிக்கு நஷ்டம். கூலிக்காரர் அன்றாடச் செலவு. வேலையில்லாத நாளில் சம்பளம் கிடையாது. கீழே விழுந்தால் அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறார். நஷ்டம் அவர் வீட்டுக்கு மட்டும்.

டைமண்டின் கேள்வி கண்டத்துக்கும் கண்டத்துக்கும் நடுவே நிற்கிறது. ஒரே தெருவில் ஒருத்தர் ஏறி உட்கார, இன்னொருத்தர் இழுக்கிற கதைக்கு அவருடைய பூகோளத்தில் பதில் கிடைக்காது. இங்கே ஆள் தோள் மலிவாகக் கிடைத்ததற்கு ஜாதியும் பட்டினியும் காரணம். லாமா இல்லாதது அல்ல.

புத்தகத்தை அவசியம் படியுங்கள். படித்து முடித்த கையோடு ஒரு நாள் விடியற்காலையில் காசிமேடு போய் வாருங்கள். ஐஸ் பெட்டியை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். விட்டுப்போன அத்தியாயம் அங்கேதான் நடந்துகொண்டிருக்கிறது.