பழைய சாக்ஸபோனைப் பிரித்த பிறகு கத்ரியைக் கேட்பது

கத்ரி கோபால்நாத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு பாராட்டு தவறாமல் வந்துவிடும்: மேற்கத்திய வாத்தியமான சாக்ஸபோனை நாதஸ்வரமாவே மாத்திட்டார். 2019 அக்டோபரில் அவர் மறைந்தபோது வந்த கட்டுரைகளிலும் இதைத்தான் அதிகம் பார்த்தேன். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அவர் உண்மையில் செய்த வேலையை இந்தப் பாராட்டு மறைச்சிடுதுன்னு எனக்குத் தோணுது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். கள்ளக்குறிச்சி பக்கம் கலைந்துபோன ஒரு பேண்டு செட்டில் இருந்து பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன் ஒன்று என் கைக்கு வந்தது. பி.இ. படிக்கும்போது காலேஜ் குழுவில் வாசித்தேன். அப்புறம் வேலை, குடும்பம்னு 20 வருஷத்துக்கு மேல் இடைவெளி. இப்போ ரிப்பேர் பண்ணி மறுபடி வாசிக்க ஆரம்பிச்சிருக்கேன். கருவியைப் பிரித்துப் போட்ட நாட்களில் கத்ரியின் கச்சேரிப் பதிவுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில், நாதஸ்வர ஒப்பீட்டில் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடணும். கத்ரியின் அப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனும் அதில்தான் ஆரம்பித்தார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். இரண்டும் நுனியில் குறுகி, போகப் போக விரியும் குழாய்கள். இரண்டிலும் நாணல் வகைத் தட்டைதான் அதிர்கிறது. ஆல்ட்டோவில் 'சி' விரல் பிடித்து ஊதினால் காதில் விழுவது ஈ ஃப்ளாட், நம்ம கணக்கில் இரண்டரைக் கட்டை. பாரி நாதஸ்வரமும் கிட்டத்தட்ட அந்தச் சுருதியில்தான் நிற்கும். கண்ணை மூடிக் கேட்டால் குழப்பம் வருவது இயல்பு.

ஆனால் உள்ளே வேலை நடக்கிற விதம் வேறு. நாதஸ்வரத்தில் விரல் நேரடியாகத் துளையின் மேல் இருக்கு. பாதி மூடலாம், கால்வாசி மூடலாம், மெல்ல நழுவலாம். கமகத்தில் பாதி அங்கேதான் பிறக்குது. மீதி காற்றிலும் சீவாளியைப் பிடிக்கிற உதட்டிலும். கிளாரினெட்டில்கூட விரலே மூடுகிற துளைகள் சில உண்டு. சாக்ஸபோனில் ஒன்றுகூட இல்லை. 1846-ல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவியில் துளைகள் ரொம்பப் பெரிசு, விரல் நுனியால் மூடவே முடியாது. 20-க்கு மேற்பட்ட மூடிகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஃபெல்ட் வைத்துத் தோல் போர்த்திய ஒரு பேட். விரல் ஒரு கீயை அழுத்தும், கீ ஒரு தண்டைத் திருப்பும், தண்டு மூடியை இறக்கும். ஸ்பிரிங் திரும்பத் தூக்கும். சாஃப்ட்வேர் ஆள் பாஷையில் சொன்னால், விரலுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒண்ணு அல்லது பூஜ்ஜியம்தான்.

கத்ரி தன் கருவியில் சில மாற்றங்கள் செய்துகொண்டதாகச் சொல்வார்கள். எந்த மாற்றம் செய்தாலும், துளைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு மூடி இருக்கத்தான் செய்யும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தோடி காந்தாரத்தை ஆல்ட்டோவில் வாசித்துப் பார்த்தால் தெரியும். அந்த ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். கீயை மட்டும் நம்பினால் படிக்கட்டு ஏறி இறங்குகிற சத்தம்தான் வரும். படிக்கட்டைச் சரிவாக்க வேண்டியது உதடு, தொண்டை, மூச்சு. இதிலும் ஒரு சிக்கல்: உதட்டைத் தளர்த்தி ஸ்வரத்தைக் கீழே இறக்குவது எளிது. மேலே இறுக்கி ஏற்றுவதற்கு இடம் ரொம்பக் கம்மி. அதனால் மேலே போகிற அசைவுக்குக் கீ, கீழே வருகிற அசைவுக்கு உதடு, இரண்டையும் ஒட்டு தெரியாமல் சேர்க்கணும். அதையும் மெதுவாகத் திறக்கிற கீயோடு.

இங்கேதான் பேட் விஷயம் வருது. இருட்டறையில் குழாய்க்குள் ஒரு எல்.இ.டி. சரத்தை இறக்கி, கீயை மூடிப் பார்க்கணும். பேட் ஓரத்தில் முடி அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே காற்று கசியுதுன்னு அர்த்தம். மேல்பகுதியில் ஒரு கசிவு இருந்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லா ஸ்வரமும் கெடும். அடி ஸ்வரங்கள் கொப்பளிக்கும். கசிவு இருக்கிற கருவியில் ஸ்வரத்தைப் பிடித்து வைக்கவே உதட்டை இறுக்கணும். இறுகிய உதட்டால் கமகம் பண்ண முடியாது. பேட்களை மாற்றி, அரக்கைச் சூடாக்கி ஒவ்வொன்றாக உட்கார வைத்த பிறகுதான் என் உதட்டுக்கு ஓய்வு கிடைத்தது. கல்வராயன் மலைப் பக்கம் போய் வாசித்தால் அங்கே இருக்கிற ஈரத்துக்குத் தோல் கொஞ்சம் ஊறி, சில கீகள் ஒட்டும். சமவெளி வெயிலில் அதே தோல் காய்ந்து இறுகும். கச்சேரிக்குக் கச்சேரி ஊர் மாறுகிற ஒரு கலைஞர் இத்தனையையும் சமாளித்துக்கொண்டுதான் ஆலாபனை பண்ணணும்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்க ஒரு நல்ல வழி, அவர் ஏ. கன்யாகுமரியோடு வாசித்த பதிவுகள். ராகத்தில் சாக்ஸபோன் ஒரு பிடியை வாசிக்கும், வயலின் அதையே திரும்பச் சொல்லும். வயலினில் தந்தி மேல் விரல் தடையில்லாமல் வழுக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சாக்ஸபோன் எதை விட்டுவிட்டது, எதைச் சுருக்கியது, எதை வேறு மாதிரி சொன்னது என்று தெரியும். என் காதுக்கு, விளம்ப காலத்தில் கத்ரியின் அசைவுகள் நாதஸ்வரத்தைவிடக் குறுகலானவை. வேகமான பிருகாவில் ஸ்வரங்கள் தனித்தனி மணிகளாக விழும், நாதஸ்வரம்போல் இழையாது. இதைக் குறையாகச் சொல்லலை. அவர் கருவியின் எல்லையை ஒளித்து வைக்காமல், அந்த எல்லைக்குள்ளேயே ஒரு கர்நாடக பாணியை உண்டாக்கினார். 'நாதஸ்வரமா மாத்திட்டார்' என்றால் இந்தத் தேர்வுகள் எதுவுமே கணக்கில் வராது.

1994-ல் இரண்டு விஷயம் நடந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில் கத்ரி வாசித்தார். அதே வருஷம் கே. பாலசந்தரின் 'டூயட்' வந்தது. நம்ம ஊர்ல சாக்ஸபோன்னா என்னன்னு காட்டியது இரண்டாவதுதான். காதலை வாயால் சொல்ல முடியாத ஒரு பருமனான கலைஞன், பிரபு, அவன் குரலாக கத்ரியின் சாக்ஸபோன், இசை ஏ.ஆர். ரஹ்மான். படத்துக்கு அது அருமையாகப் பொருந்தியது. ஆனால் அதிலிருந்து நம்ம காதில் தங்கியவை எதிரொலியோடு வரும் நீண்ட, ஏக்கமான ஸ்வரங்கள். பேண்டு செட்காரர்கள், ரிசப்ஷன் மேடைக்காரர்கள் எல்லாரிடமும் இன்னைக்கும் கேட்கப்படுவது அந்த ஏக்கம்தான். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அவர் உதட்டால் போராடிச் சம்பாதித்தது அந்தப் பிம்பத்துக்குள் அடங்காது. 'டூயட்' அவருக்கு லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொடுத்தது. அவரை எப்படிக் கேட்கணும்னு மட்டும் சொல்லிக்கொடுக்கலை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. நம்ம பக்கம் பேண்டு செட்கள் குறைந்துகொண்டே வருது. அவர்களிடம் இருந்த சாக்ஸபோன்கள் பழைய பித்தளை விலைக்கோ ஹால் அலங்காரத்துக்கோ போகுது. யாராவது ரிப்பேருக்குக் கொடுத்தாலும் முதல் கோரிக்கை, 'பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க'. என்னிடமும் அதைத்தான் பலர் சொன்னார்கள். மெஷினில் வைத்து பஃப் அடித்தால் பித்தளை தேயும். அதிகம் தேய்ந்தால் துளை விளிம்பு மழுங்கி, பேட் சரியாக உட்காராது. பளபளக்கும், ஆனா கசியும். என் ஆல்ட்டோவின் வெளிப்பூச்சு பாதி போய்விட்டது; அப்படியே விட்டிருக்கேன்.

உங்க வீட்டுப் பரணில், உறவுக்காரர் வீட்டில் இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் விளக்கு இறக்கிப் பாருங்க. கூடவே கத்ரியின் ஒரு நீண்ட ஆலாபனையை, சினிமாப் பாட்டு வேண்டாம், முழுசா ஒரு தடவை கேளுங்க. ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததுக்கு அவர் எப்படிப் போகிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.