வலையில் எழுதியவளை யார் பார்த்தார்கள்?



ஒரு நாவலைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று சொன்னால், நம் மாணவர்கள் பலர் நேராகப் படிப்பினைக்குத் தாவிவிடுகிறார்கள். நட்பு உயர்ந்தது, உயிர்களிடம் அன்பு வேண்டும் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தப்பில்லைதான். ஆனால் கதையைப் படிக்காதவர்கூட அதை எழுதிவிடலாமே! படித்தவர் மட்டுமே எழுதக்கூடியது எது? எனக்கு மிகவும் பிடித்த ஓர் இளையோர் நாவலை வைத்து அதைப் பார்ப்போம்.

அமெரிக்க எழுத்தாளர் இ. பி. ஒயிட் எழுதி 1952-இல் வெளிவந்த ‘சார்லட்ஸ் வெப்’, அதாவது சார்லட்டின் வலை. நோஞ்சானாகப் பிறந்த பன்றிக்குட்டியைக் கொல்ல அப்பா கோடரி எடுக்கிறார். எட்டு வயது மகள் ஃபெர்ன் தடுத்து நிறுத்தி, வில்பர் என்று பெயர் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். கொஞ்சம் வளர்ந்ததும் வில்பர் அவளுடைய மாமாவின் பண்ணைக்குப் போகிறான். குளிர்காலம் வந்தால் உன்னை வெட்டிவிடுவார்கள் என்று அங்குள்ள கிழட்டுச் செம்மறியாடு போட்டு உடைக்கிறது. கதறி அழும் அவனைக் காப்பாற்றுவதாக, தொழுவத்தின் வாசலுக்கு மேலே வாழும் சார்லட் என்னும் சிலந்தி வாக்குக் கொடுக்கிறாள். எப்படிக் காப்பாற்றுகிறாள்? தன் வலையில் சொற்களை எழுதித்தான்.

இங்கேதான் நான் முதலில் நின்றேன். சார்லட் வாய்க்கு வந்ததை எழுதுவதில்லை. டெம்பிள்டன் என்ற எலி குப்பைமேட்டிலிருந்து கிழிந்த தாள்களைக் கொண்டுவருகிறது. ஒன்றில் ‘மொறுமொறுப்பு’ என்று இருக்கிறது. வேண்டாம் என்கிறாள். பன்றியைப் பார்த்து மொறுமொறுப்பு என்று நினைத்தால் அடுத்து யாருக்கும் சாப்பாட்டு ஞாபகம்தானே வரும்! சோப்புத்தூள் பெட்டியில் இருந்த ‘ஒளிர்வது’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வில்பரை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, சொல் அவனுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே எழுதுகிறாள். கடைசியாக எழுதுவது ‘பணிவு’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கர்வம் இல்லாதவன் என்றும், தரைக்கு நெருக்கமானவன் என்றும் இரண்டு பொருள். நம் ‘பணிவு’ என்ற சொல்லிலும் குனிதல் இருக்கிறது, பாருங்கள். கட்டுரைக்குச் சொல் தேடும் மாணவர்களே, ஒரு சொல் ஏன் வேண்டாம் என்பதையும் சார்லட்டிடம் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது, ஊராரின் பார்வை. வலையில் எழுத்தைக் கண்டதும் எல்லாரும் பன்றியைப் புகழ்கிறார்கள். பண்ணைக்காரரின் மனைவி மட்டும், சாதாரணமாக இல்லாதது நம் சிலந்திதான் என்கிற மாதிரி சொல்லிப் பார்க்கிறார். கணவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கண்காட்சியில் வில்பருக்குப் பதக்கம், பண்ணைக்காரருக்கு 25 டாலர். எழுதியவளுக்கு ஒன்றுமில்லை. அவளும் கேட்கவில்லை. நாவலின் கருப்பொருள் நட்பு என்று எழுதுவதாக இருந்தால், இந்த இடத்தைச் சான்றாகக் காட்டுங்கள். அப்போதுதான் அது எப்படிப்பட்ட நட்பு என்று தெரியும்.

பிறகு சார்லட்டின் மரணம். 514 முட்டைகள் கொண்ட பையைப் பின்னிவைத்த பின், வீடு திரும்பக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கூட்டம் கலைந்து வெறிச்சோடிக் கிடக்கும் கண்காட்சித் திடலில் இறந்துபோகிறாள். பக்கத்தில் யாருமே இல்லை. ஒயிட் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. சிறு வயதில் என் பாட்டி இறந்தபோது, பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பல நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பெரியவளான பின் இந்த அத்தியாயத்தைப் படித்தபோது, பிள்ளைகளிடம் உண்மையை இவ்வளவு மென்மையாகவும் சொல்ல முடியுமா என்று தோன்றியது. பிள்ளைகளுக்கான கதையில் சாவு எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் இந்த அத்தியாயம்தான்.

ஒயிட் மேய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்து வாழ்ந்தவர். நோயுற்ற தன் பன்றியைக் காப்பாற்ற முடியாமல் போனதைப் பற்றி 1948-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இந்த நாவலில் பன்றி பிழைத்துக்கொள்கிறது, ஆனால் இழப்பு இல்லாமல் போகவில்லை.

முதன்மைக் கதைப்பாத்திரம் யார் என்ற கேள்விக்கு வருவோம். வில்பர் என்று எல்லாரும் எழுதுவார்கள். ஆனால் கதையின் பெரும்பகுதியில் அவன் காப்பாற்றப்படுகிறவன் மட்டுமே. சார்லட் திரும்ப மாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அவன் செயலில் இறங்குகிறான். இனி என் தொட்டியில் நீயே முதலில் சாப்பிடு என்று எலிக்கு வாக்குக் கொடுத்து முட்டைப் பையை இறக்கச் சொல்கிறான். அதைத் தன் வாயில் வைத்துப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோகிறான். சாப்பாடே உலகம் என்று இருந்தவன் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கிறான்! பாத்திர வளர்ச்சிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஒரு கேள்வியை உங்கள் வகுப்புக்கு விட்டுவிடுகிறேன். வில்பரை முதலில் காப்பாற்றியவள் ஃபெர்ன். ஆனால் அவனுக்குப் பதக்கம் கிடைக்கும் நேரத்தில் அவள் அங்கே நிற்கவில்லை, ஒரு நண்பனைத் தேடி ராட்டினத்துக்கு ஓடிவிடுகிறாள். சில வாசகர்களுக்கு இது வருத்தம். பிள்ளைகள் வளர்வது இப்படித்தான், ஒயிட் அவளைக் குற்றம் சொல்லவில்லை என்பது என் கருத்து. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மறுத்தால், கதையிலிருந்து இரண்டு சான்றுகளோடு மறுத்து எழுதுங்கள். மதிப்பெண் அதற்குத்தான்.