ஊசி போட்ட வெள்ளை ஒயின்

எங்கள் வீட்டில் ஒயின் குடிப்பது நான் ஒருவன்தான். பாட்டிலோ 750 மில்லி, அதாவது ஐந்து கிளாஸ். ஒரு சாயங்காலத்துக்கு எனக்கு ஒன்று போதும். மீதி நான்கும் ஃபிரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நாளுக்கு நாள் முகம் சுளிக்கும். கார்க்கைத் திறக்காமலே ஒயின் எடுக்கும் ‘கோராவின்’ என்ற ஊசிக் கருவியை வாங்க எனக்கு வேறு காரணம் இல்லை. அதை உருவாக்கிய கிரெக் லாம்பிரெக்ட்டுக்கும் ஏறக்குறைய இதே சங்கடம்தான். மனைவி கர்ப்பமாக இருந்ததால் ஒயினைத் தொடவில்லை; தன் ஒருவனுக்காக நல்ல பாட்டிலைத் திறக்க இவருக்கு மனம் வரவில்லை. தொழில் மருத்துவக் கருவிகள் வடிவமைப்பது என்பதால் கை ஊசியைத் தேடிப் போயிருக்கிறது. 2013இல் கருவி கடைக்கு வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பாட்டிலின் கழுத்தில் கவ்வியை மாட்டி, மேலிருந்து அழுத்தினால் மெல்லிய ஊசி கார்க்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பாட்டிலைச் சாய்த்துக் குதிரையைத் தட்டினால் சிறு குப்பியிலிருந்து ஆர்கான் வாயு உள்ளே போகும், அந்த அழுத்தத்தில் ஒயின் ஊசி வழியே வெளியே வரும். ஆர்கான் எதனோடும் சேராத வாயு; நாம் விடும் மூச்சிலும் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு அது இருக்கிறது. ஊசியை உருவியதும் கார்க் தானே மூடிக்கொள்ளும். மேலே ஒரு சொட்டு ஒயின் பூத்து நிற்கும், துடைத்துவிட வேண்டும். இயற்கைக் கார்க் என்றால்தான் இந்த வித்தை. பிளாஸ்டிக் கார்க் துளையை மூடாது. பாட்டிலில் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014இல் சில பாட்டில்கள் உடைந்ததாகப் புகார் வர, நிறுவனம் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்திவிட்டுப் பாட்டிலுக்கு ஓர் உறையும் கொடுத்தது.

சோதனைக்கு எடுத்தது போர்தோவின் பெசாக்-லெயோன்யான் பகுதி வெள்ளை ஒயின், ஒரே பண்ணை, ஒரே ஆண்டு, இரண்டு பாட்டில். ஒன்றுக்கு ஊசி. இன்னொன்றை வழக்கம்போலத் திறந்து, கார்க்கைத் திருப்பிச் செருகி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஏன் இந்த ஒயின் என்பதைச் சொல்ல அந்த மண்ணுக்குப் போக வேண்டும். போர்தோ நகரின் தெற்கு விளிம்பில் தொடங்கும் கிராவ் பகுதிக்குப் பெயரே அங்கிருக்கும் கூழாங்கல்லால் வந்தது. கரோன் ஆறு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உருட்டிக் கொண்டுவந்து போட்ட கல். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும், பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும். மேற்கே லாந்த் பைன் காடு கடற்காற்றைத் தடுக்கிறது. கிராவின் வடக்குப் பாதியை 1987இல் தனியாகப் பிரித்துப் பெசாக்-லெயோன்யான் என்று பெயர் கொடுத்தார்கள். ஓ-பிரியோன் தோட்டத்தைச் சுற்றி இன்று வீடும் தெருவும்தான். ஊர் வளர்ந்து வந்து தோட்டத்தை முற்றுகை போட்டிருக்கிறது. தொமேன் தெ ஷெவாலியேவோ காட்டுக்கு நடுவே ஒரு திட்டு. இளவேனிலில் உறைபனி இறங்கித் தளிரைக் கருக்கிவிடுமோ என்ற பயம் அங்கே அதிகம். அறுவடையும் ஒரே மூச்சில் முடியாது. பழுத்த கொத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பல தடவை பறிப்பார்கள்.

கலவையில் இரண்டு திராட்சை. சோவிஞோன் பிளான் புளிப்பும் பம்பளிமாசுத் தோலின் நறுநெடியும் தரும். செமியோன் உடம்பு கொடுக்கும். இளசில் சாதுவாக இருந்து, வயதாக ஆகத் தேனும் மெழுகுமாகத் திரளும். இவற்றின் சாறு 225 லிட்டர் ஓக் பீப்பாயிலேயே நொதித்து, பின் மாதக்கணக்கில் அங்கேயே ஈஸ்ட் மண்டியோடு கிடக்கும். அவ்வப்போது தடியை விட்டு மண்டியைக் கலக்கிவிடுவார்கள். உருளைத் தொட்டியில் நொதிக்கவைத்துப் பிறகு பீப்பாய்க்கு மாற்றினால் மர வாசனை தனியே துருத்தும். பீப்பாயிலேயே நொதித்தால் மரம் ஒயினுக்குள் கரைந்து நிற்கும். மண்டி ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருப்பதால் ஒயினுக்கும் காப்பு. இவற்றையெல்லாம் போர்தோவில் அறிவியலாகச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் தெனி துபூர்தியே. 2016இல் காலமானார். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

முதல் நாள் இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே கருவி தோற்றது. ஊசியில் வந்தது மூடிக்கொண்டு நின்றது: கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் வனிலா, அவ்வளவுதான். ஒயின் மேல் தவறில்லை, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்திருந்தேன். ஓக் வெள்ளைக்கு அத்தனை குளிர் ஆகாது. ஊற்றும் முன் ஊசியிலிருக்கும் காற்றை ஒரு தட்டு தட்டி வெளியேற்ற வேண்டும் என்பதையும் மறந்திருந்தேன். இரண்டும் என் பிழை. 12, 13 டிகிரிக்கு வந்து, கிளாஸில் கால் மணி நேரம் சுழன்றபின் அது வாய் திறந்தது.

நான்காம் நாள்தான் எனக்கு ஆச்சரியம். வெறும் கார்க்கோடு ஃபிரிட்ஜில் கிடந்த பாட்டில், ஊசிப் பாட்டிலைவிட நன்றாக இருந்தது. மரம் அடங்கி, செமியோனின் எண்ணெய்ப் பிசுக்கு நாக்கில் பரவி, கடைசியில் வறுத்த பாதாம். பீப்பாயில் மாதக்கணக்காக மெல்ல மெல்லக் காற்றை வாங்கி வளர்ந்த ஒயின் அது. நாலு நாள் காற்று அதை அசைக்கவில்லை, பக்குவப்படுத்தியிருக்கிறது. ஊசிப் பாட்டிலோ முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. கருவி கொடுத்த வாக்கும் அதுதானே, குறை சொல்ல முடியாது.

மூன்றாம் வாரம் கதை தலைகீழ். திறந்த பாட்டிலை முகர்ந்ததும் எனக்கு அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வந்தது. வெந்தயம், சந்தேகமே இல்லை. அதற்கும் காரணம் உண்டு: வெந்தயத்தின் மணத்துக்குப் பொறுப்பான சோடலோன் என்ற பொருள்தான் காலத்துக்கு முன்பே மூத்துப்போன உலர் வெள்ளை ஒயின்களிலும் இருக்கிறது. இதை ஆராய்ந்தவர்களில் துபூர்தியேயும் ஒருவர். அவர் மூக்குக்குப் பயிற்சி எத்தனை ஆண்டோ, நமக்கு வெந்தயக் குழம்பே போதும். மீதியைச் சமையலில் ஊற்றினேன். ஊசிப் பாட்டில் அன்றும் முதல் நாள் போலவே தெளிவாக இருந்தது. மூன்றாம் மாதம் கடைசிக் கிளாஸில் புளிப்பின் முனை சற்றே மழுங்கியிருந்தது, அவ்வளவே.

ஆக, பாட்டிலை ஒரு வாரத்துக்குள் முடிப்பவர் இந்த வகை ஒயினுக்காக இத்தனை விலை கொடுக்க வேண்டாம். கார்க்கும் ஃபிரிட்ஜும் போதும். மாதத்துக்கு ஒரு கிளாஸ் என்று இழுப்பவருக்குப் பணம் வீணாகாது, ஆனால் வாயுக் குப்பிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கை பழகும்வரை குதிரையை அழுத்திப் பிடித்து நான் நிறைய ஆர்கானை வீணடித்தேன். சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுவதே சிக்கனம்.

என் கருவி இப்போது ஒரு சோதேர்ன் பாட்டிலில் இருக்கிறது. அதே ஆற்றங்கரை, அதே இரண்டு திராட்சை, ஆனால் பூஞ்சை படர்ந்து சுருங்கிய பழத்தின் இனிப்பு ஒயின். சாப்பாட்டுக்குப் பின் ஐம்பது மில்லிக்கு மேல் இறங்காது. சர்க்கரை பிசுபிசுக்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஊசியை வெந்நீரில் அலச வேண்டியிருக்கிறது.