தன்மைக் கூற்றும் வானொலியும்

தமிழ் இலக்கணம், பேசுவோர், கேட்போர், பேசப்படுவோர் என்னும் நிலை நோக்கித் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடத்தை மூவகைப்படுத்தும். ஒரு கூற்றினை ஆராயப் புகுவார் முதற்கண் காணவேண்டியது, அதனைக் கூறுவார் யாவர் என்பதே. இந்நோக்குடன், நியூயார்க் நகரின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி 1962 சூலைத் திங்களில் ஒலிபரப்பிய ‘வாழு, வாழவிடு’ என்னும் பொருள்படும் பெயருடைய உரையாடலை ஈண்டு ஆராய்வாம்.

அதற்கு வித்திட்டவர் 1938இல் பிறந்த ராண்டி விக்கர். அந்நிலையத்தில் முன்னர் உளநோய் மருத்துவர்கள் தன்பால் ஈர்ப்பினைக் குறித்து உரையாடினர். அதன்கண் அவ்வீர்ப்பினர் பேசப்படும் பொருளாய் நின்றனரேயன்றிப் பேசுவோராய் நின்றிலர். விக்கர் நிலையத்தாரை அணுகி, தம்மைக் குறித்து உரைக்கத் தக்கார் தாமே என வாதிட்டு இடம் பெற்றார். அவர் உள்ளிட்ட ஆடவர் எண்மர் ஒன்றரை மணி நேரம் தம் வாழ்வினைத் தாமே உரைத்தனர். அவர்தம் உறவினை அம்மாநிலச் சட்டம் அந்நாளில் குற்றமெனக் கொண்டிருந்தது. ஆதலின், ‘யான்’ என்னும் சொல்லே அவர்க்கு இடர் தருவதாயிற்று.

இவ்வொலிபரப்பின்மேலும், எட்வர்டு ஆல்பியின் நாடகம் முதலிய பிறவற்றின்மேலும் முறையீடுகள் எழுந்தன. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1964 சனவரியில் அவற்றை ஏலாது உரிமத்தைப் புதுப்பித்தது. கேட்போர் சிலர் மனம் புண்படுதல் ஒன்றே ஓர் உரையை வானலையினின்று விலக்கும் உரிமையை அவர்க்கு அளியாது என்பது அதன் முடிபு.

அம்முடிபிற்கு உடன்பட்ட உறுப்பினர் இராபர்ட் லீ தனியே எழுதிய குறிப்பு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. மருத்துவரும் சமூகவியலாரும் இதனை ஆராயின் பயன் விளையக்கூடும் என்றும், எண்மர் தம் பட்டறிவை உரைத்தல் பொறுப்புள்ள நிலையத்திற்கு ஒவ்வாது என்றும் அவர் கருதினார். எனவே, அவர் வெறுத்தது பொருளையன்று. தன்மை இடத்தையே என்க.

குறையும் ஒன்று உண்டு. எண்மருள் பெண் ஒருவரும் இலர். படர்க்கையினின்று மீண்டோர் அவைக்கண் மகளிர் படர்க்கையிலேயே நின்றனர்.

அமெரிக்க உளநோய் மருத்துவர் கழகம் 1973இல் தன்பால் ஈர்ப்பினை நோய்ப்பட்டியலினின்று நீக்கிற்று. அதற்குப் பதினோராண்டு முன்னரே, நோயர் எனப்பட்டோர் தம்மை நோயரல்லர் எனத் தம் வாயால் உரைத்தற்கு இடம் கண்டது இவ்வொலிபரப்பு. அதன் சிறப்பு கருத்தின் புதுமையினும் கூறுவாரின் மாற்றத்திலேயே உளது என்பது எம் துணிபு.