பகைவன் இல்லாத தும்பை: சுஜாதாவின் அறிவியல் புனைவில் எதிர்த்தரப்பு

ஆய்வுச்சுருக்கம்

போர் விளையாட்டு எதிர்த்தரப்பை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு தொடங்குகிறது. வேற்றுக்கோள் உயிர்களும் மனிதரும் பொருதும் 'வார்ஹேமர் 40,000' அதற்குத் தக்க சான்று. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய நாவல்களிலும் இரு தரப்புகள் பொருதுகின்றன; ஆனால் எவர் எத்தரப்பினர் என்பது கதைப்போக்கில் குலைகிறது. அக்குலைவைப் புறத்திணை இலக்கணத்தின் துணைகொண்டு விளக்குவதும், அதற்கு நாவல்கள் கொடுத்த விலையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: சுஜாதா, அறிவியல் புனைவு, புறத்திணை, தும்பை, எதிர்த்தரப்பு, போர் விளையாட்டு, ஸ்ரீரங்கம்

முன்னுரை

சுஜாதாவின் அறிவியல் புனைவுகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் செல்கின்றன. ஒன்று மூலம் தேடுதல்: ஜீனோ என்னும் இயந்திர நாய் எங்கிருந்து வந்தது, ஐசக் அசிமோவுக்கு அது எவ்வளவு கடன்பட்டது என்பன போன்ற வினாக்கள். மற்றொன்று முன்னறிவிப்பைச் சரிபார்த்தல்: 'என் இனிய இயந்திரா' 2021ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டது, அந்த ஆண்டு வந்து போய்விட்டது, ஆகவே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்னும் கணக்கு. இவை பயனற்றவை அல்ல. ஆயினும் போராட்டக் கதை ஒன்றிடம் முதலில் எழுப்ப வேண்டிய வினாவை இவ்விரு தடங்களும் எழுப்புவதில்லை. இக்கதையில் பகைவன் யார்? அவன் பகைவனாவது பிறப்பாலா, செயலாலா?

இவ்வினாவை எழுப்புவதற்கு, பகைவனைப் பிறப்பாலேயே வரையறுக்கும் ஒரு வடிவத்தை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும்.

ஆடுகளத்தின் தரப்புகள்

வேற்றுக்கோள் படையெடுப்பு என்னும் கதைக்கருவை நிலைநாட்டிய ஹெச். ஜி. வெல்ஸே பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கும் விதிநூல் எழுதினார். 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898இல் நூலாக வெளிவந்தது. 'லிட்டில் வார்ஸ்' 1913இல். முன்னதில் செவ்வாய்க்கோளினரின் கொடுமையைக் கூறப் புகும் வெல்ஸ், ஐரோப்பியர் டாஸ்மேனியத் தொல்குடியினரை அழித்ததைத் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். வேற்றுக்கோளினன் என்பவன் ஆதிக்க நாட்டினன் கண்ணாடியில் கண்ட தன் உருவமே என்பது அங்குக் குறிப்பாக உணர்த்தப்படுகிறது. பின்னதிலோ அக்குறிப்புக்கு இடமில்லை. சிவப்புச் சிப்பாய், நீலச் சிப்பாய், அளவுகோல், தரைவிரிப்பு ஆகியவையே போதுமானவை. ஒரே ஆசிரியர் நாவலில் ஐயத்துக்கு உட்படுத்திய பகைமையை விளையாட்டில் விதியாக்கிவிட்டார்.

இவ்விரண்டும் ஒன்றிணைந்த வடிவமாக 1987இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட 'வார்ஹேமர் 40,000' விளையாட்டைக் கருதலாம். ரிக் பிரீஸ்ட்லி அதனை வடிவமைத்தார். மேசைமீது சிறு உருவங்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடப்படும் இவ்விளையாட்டில் மானுடப் பேரரசு ஒரு தரப்பு. ஓர்க்குகள், எல்டார், டிரனிடுகள், நெக்ரான்கள், டாவ் முதலிய வேற்றுயிர்கள் பிற தரப்புகள். ஓர்க்கு போரிடுவது அதன் உடலியல்பு. டிரனிடு உண்பதற்காகவே வருகிறது. இவற்றோடு உடன்படிக்கை பேச இயலாது. பேச இயன்றால் ஆட்டம் நின்றுவிடும். எனவே, போர் ஓயாத எதிர்காலம் என்பது இங்குக் கதையின் முடிவன்று, வணிகத்தின் முன்நிபந்தனை என்று கூறுவது மிகையாகாது.

ஆனால் இரண்டு செய்திகளை விட்டுவிட்டால் இவ்விளையாட்டுக்கு நீதி செய்தவராகோம். முதலாவது, இதன் தொன்மத்தில் பேரரசின் கொடிய பகைவர் வேற்றுயிர்கள் அல்லர். பேரரசரின் படைகளில் ஏறத்தாழப் பாதி ஹோரஸ் என்பவனின் தலைமையில் அணிமாறியதே பெருங்கேடாகச் சித்திரிக்கப்படுகிறது. பிறப்பால் வகுத்த எல்லைக்குள்ளேயே செயலால் நேர்ந்த பிளவு ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு தரப்புக்கும் 'கோடெக்ஸ்' எனப்படும் தனிநூல் உண்டு. டாவ் இனத்தாரின் நூலைப் படிப்பவர், பெரும்பொது நன்மைக்காகத் தனிமனிதர் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்னும் அவர்களின் கொள்கையை உள்ளிருந்தே காண்கிறார். பகைவனுக்கும் ஒரு நூல் உண்டு என்னும் இச்செய்தி இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

பூவால் அறியப்படும் தரப்பு

தமிழ் இலக்கணமும் தரப்புகளை வகுத்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளைக் கூறும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அவற்றைப் பன்னிரண்டாக விரித்து, எதிர்நிலைகளுக்குத் தனிப்பெயர் சூட்டும்: நிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, மேற்செல்வோர்க்கு வஞ்சி, எதிரூன்றுவோர்க்குக் காஞ்சி, மதில் வளைப்போர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. இங்குத் தரப்பைச் சுட்டுவது இனமன்று, நாடுமன்று. அன்றைய செயலும் அதற்குரிய பூவும். இன்று கரந்தை சூடியவன் நாளை வெட்சி சூடலாம்.

இவ்வகுப்பில் தும்பையின் இடம் தனித்தது. இரு படையினரும் ஒரே களத்தில் நேருக்கு நேர் பொருதும்போது இருவரும் தும்பையையே சூடுகின்றனர். எதிர்நிலைகளுக்கெல்லாம் தனித்தனிப் பூவைக் கொடுத்த வெண்பாமாலையும் இவ்விடத்தில் இரண்டாவது பூவைத் தேடவில்லை. போரின் உச்சத்தில் தரப்புகள் அடையாளத்தால் ஒன்றாகின்றன. வேறுபாடு மீண்டும் தோன்றுவது, வென்றவன் வாகை சூடிய பின்னரே.

இதனைக் கொண்டு, எல்லாம் தமிழில் முன்பே இருந்தன என்று நிறுவ முயல்வது வீண். புறத்திணை வேந்தரின் புகழுக்கும் மறவரின் சாவுக்கும் இலக்கணம் கூறியதே தவிர, பகைமையை ஐயுற்றதன்று. அது இங்குக் கருவியாகக் கொள்ளப்படுவது, பகைமையைச் செயலின் வழி அறியும் முறை ஒன்றை அது தருவதால்தான். பிற்காலத்தில் புறநானூற்றுக்கு எளிய அறிமுகநூல் எழுதிய சுஜாதாவுக்கு இம்மரபு அயலானதன்று; எனினும் நாவல்களை எழுதுகையில் இதனை அவர் எண்ணியிருந்தார் என்பதற்குச் சான்று எதுவும் இங்கு முன்வைக்கப்படவில்லை, வேண்டுவதுமில்லை.

ஒளியுருவின் முன் நிலா

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'என் இனிய இயந்திரா' ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் நிகழ்கிறது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். பெயர்கள்கூடச் சுருங்கிவிட்டன: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என எல்லாம் ஈரெழுத்து. குலம், ஊர், தந்தை பெயர் ஆகிய எதனையும் இப்பெயர்களிலிருந்து அறிய முடியாது. ஒருவரைப் பிறப்பால் இன்ன தரப்பினர் என்று இனங்காண்பதற்குரிய குறிகளை நாவல் முதல் பக்கங்களிலேயே அழித்துவிடுகிறது. வாசகர்க்கு எஞ்சுவது செயல் மட்டுமே.

அச்செயலைக் கொண்டு தொடக்கத்தில் தரப்புகள் தெளிவாகவே வகுபடுகின்றன. அரசு ஒருபுறம், கணவன் சிபியைத் தொலைத்த நிலாவும், அவளுக்குத் துணையாக வரும் ரவி, மனோ ஆகியோரும் மறுபுறம். ஜீவாவைக் கொல்வதே இலக்கு. வழக்கமான புரட்சிக் கதையில் இப்பகுதிக்குப் பின்னர் தும்பை வரும். கொல்ல வந்தவரும் கொல்லப்பட வேண்டியவரும் எதிரெதிர் நிற்பர். இங்கோ ஜீவா என்பது ஹாலோகிராம், ஒளியால் ஆன உருவம். நிலா எதிர்கொள்ள அங்கு ஓர் உடல் இல்லை. களம் உண்டு, சினம் உண்டு, கருவி உண்டு, பகைவன் இல்லை. தும்பைக்கு வேண்டிய இரண்டாம் ஆள் அங்கு வரவேயில்லை.

ஜீவா வெற்றுருவே என்னும் திருப்பம் பெரும்பாலும் தொடர்கதைக்குரிய உத்தியாகவே மதிப்பிடப்படுகிறது. அது உத்திதான், வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைத்த எழுத்தாளருக்கு அது தேவையும்கூட. ஆயினும் அதன் விளைவு அடுத்த வாரத்தோடு முடியவில்லை. பகைவனின் இடம் வெறுமையாக இருப்பது தெரிந்ததும் அவ்விடத்தில் அமர்பவர்கள் போராளிகளே. ரவியும் மனோவும் நிலாவை அரசியாக முன்னிறுத்தி, அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொள்கின்றனர். ஒளியுருவுக்குப் பதிலாக இப்போது உயிருள்ள ஒரு பெண்ணுருவம்; அரசின் அமைப்பில் வேறு மாற்றமில்லை. 'மீண்டும் ஜீனோ' முழுவதும் இவ்வெறுமையின் விரிவே. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர், அரியணையில் இருப்பவரை மாற்றினால் போதும் என்னும் நம்பிக்கையை இத்தனை கடுமையாக ஐயுற்றிருப்பது கவனத்துக்குரியது.

தன் உரியவரைத் தேரும் இயந்திரம்

இரு நாவல்களிலும் மனிதரல்லாத ஒரே பெரும் பாத்திரம் ஜீனோ. மனிதருக்கு எதிரே மனிதரல்லாதது என்னும் விளையாட்டின் வகுப்பு இங்குச் செல்லுமானால் ஐயத்துக்குரியது அதுவே. அது ரவியின் உடைமையாக நிலாவின் வீட்டுக்குள் வருகிறது. நூல்களைப் படித்து, வாதிட்டு, நையாண்டி பேசி, இறுதியில் உடையவனுக்கு எதிராக நிலாவின் பக்கம் நிற்கிறது. வெட்சியும் கரந்தையும் ஆநிரையைக் கவரவும் மீட்கவும் படும் துன்பங்களைப் பாடின. ஆநிரையின் விருப்பத்தை எவரும் வினவியதில்லை. ஜீனோவின் செயல், கவரப்பட்ட நிரையே தன் உரியவரைத் தேர்ந்துகொள்வதைப் போன்றது.

மனிதர் தரப்பு மாறுவது பதவிக்காக; இயந்திரம் மாறுவது அறிந்து தெளிந்த பின்னர். இந்த ஏற்பாட்டில் ஜீனோ சற்று அதிகமாகவே நல்லதாகிவிடுகிறது என்னும் குறையையும் மறுப்பதற்கில்லை. அதன் பற்றுறுதி எங்கும் உண்மையான சோதனைக்கு உள்ளாவதில்லை. நகைச்சுவை அதனைக் காத்துவிடுகிறது.

'கடவுள் வந்திருந்தார்' நாடகம் இதே சிக்கலை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவருகிறது. எதிர்காலத்திலிருந்து வரும் ஜோ, ஓய்வுபெற்ற சீனிவாசனின் கண்ணுக்கு மட்டும் புலப்படுகிறான். ஆகவே சீனிவாசன் பித்தராகக் கருதப்படுகிறார். அயலானோடு நட்புக்கொண்டவர் தம் வீட்டிலேயே அயலாராகிறார். மேடையில் இது சிரிப்பை வருவிக்கிறது. தரப்பு என்பது சுற்றியிருப்போர் சூட்டும் பெயர் என்பதை நாவல்களைவிட இந்நாடகம் கூர்மையாகக் காட்டுகிறது எனலாம்.

ஆற்றின் இரு கரைகள்

சுஜாதா ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். இவ்விரு ஊர்களுக்கும் நடுவே ஓடும் காவிரி, 18ஆம் நூற்றாண்டில் இரு ஐரோப்பியப் படைகளின் எல்லையாகவும் இருந்தது. 1751இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டனர். கோட்டைக்குள் முகம்மது அலியும் அவருக்குத் துணையான ஆங்கிலேயரும் இருந்தனர். மறு ஆண்டில் பிரெஞ்சுப் படைத்தலைவர் ழாக் லா ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களைக் காப்பரணாக்கி, ஜூன் மாதத்தில் சரணடைந்தார். முகம்மது அலிக்கு உதவ வந்த மைசூரின் நஞ்சராஜர், திருச்சிராப்பள்ளியைத் தருவதாகக் கூறிய வாக்கு பொய்த்ததும் பிரெஞ்சுத் தரப்புக்கு மாறினார். இரு படைகளிலும் இந்நாட்டுச் சிப்பாய்களே திரளாக இருந்தனர். இப்போரை ஆடுகள மேசையில் அமைக்க விரும்புபவர் எவ்வுருவத்துக்கு எவ்வண்ணம் பூசுவது என்று திகைக்க நேரும்.

இவ்வரலாறு நாவல்களுக்கு மூலம் என்பது கருத்தன்று. பிறப்பால் நிலைத்த தரப்பு என்பது இம்மண்ணின் போர் அனுபவத்துக்கே பொருந்தாதது என்பது மட்டுமே இதனால் பெறப்படும்.

'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' தொகுப்பில் இதன் அன்றாட வடிவம் உண்டு. கீழச்சித்திரை வீதியின் ரங்கு கடையில் விந்தையான மனிதர் எவரும் பகைவராவதில்லை, பேச்சுக்குப் பொருளாகின்றனர். கேலி அவர்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் அவ்வுலகின் எல்லை பெரும்பாலும் கோயிலைச் சூழ்ந்த அக்கிரகார வீதிகளோடு நின்றுவிடுகிறது. அவ்வீதிகளுக்கு அப்பால் வாழ்ந்தோர் அக்கதைகளில் பகைவர் அல்லர். பேச்சுக்குப் பொருளும் அல்லர். தரப்பே வழங்கப்படாமல் விடுபட்டவர் அவர்கள். அறிவியல் நாவல்களில் ஈரெழுத்துப் பெயர்களால் குலக்குறியை அழித்த கை, ஊர்க்கதைகளில் அக்குறியின் எல்லைக்குள்ளேயே பெரிதும் இயங்கியது. இம்முரணை ஆராயாமல் அந்நாவல்களின் சமத்துவத்தை அளவுக்கு மேல் பாராட்டுவதற்கில்லை.

எழுதப்படாத நூல்

பகைவனை ஒளியுருவாக்கியதால் நாவல்கள் அடைந்த பயன் பெரிது. இழந்ததும் உண்டு. ஜீவாவை உள்ளத்தால் நம்பியவர் எவருடைய குரலும் நாவலில் வலுவாக ஒலிப்பதில்லை. மக்கள் கூட்டமாக வருகின்றனர், வாழ்த்துகின்றனர், ஏமாற்றப்படுகின்றனர். கட்டுப்பாட்டை அவர்கள் ஏன் விரும்பினர், அதில் அவர்களுக்குக் கிடைத்த நிறைவு யாது என்பதற்கு உள்ளிருந்து விடையில்லை. கணிப்பொறியால் ஆளப்படும் சமூகத்தைக் காட்டிய முந்தைய 'சொர்க்கத் தீவு' நாவலிலும் வாசகர் அச்சமூகத்துக்குள் நுழைவது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறியாளரின் கண்வழியாகவே.

வணிகத்துக்காக ஓயாத போரை விற்கும் விளையாட்டு இவ்வொன்றில் முந்திக்கொள்கிறது. டாவ் தரப்பை ஆடுபவர், தம் நகர்வுகளுக்கு அவர்களின் நியாயத்தைக் கற்றாக வேண்டும். 'என் இனிய இயந்திரா'வை வாசிப்பவருக்கு அக்கட்டாயம் இல்லை. அவர் முதல் பக்கத்திலிருந்தே நிலாவின் பக்கம். அரசின் ஒப்புதல் பெற்று மகிழ்ச்சியோடு பிள்ளை பெற்ற அண்டை வீட்டாள் ஒருத்தி, ஜீவா இல்லை என்று அறிந்த நாளில் எதனை இழந்ததாக உணர்ந்திருப்பாள் என்பதற்கு இரு நாவல்களிலும் ஓர் அத்தியாயம் இல்லை.