“ஒப்புக்கொண்டார்கள்”

2024இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் கேரளத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது ‘நெல்-1’ என்னும் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியதை “ஒப்புக்கொண்டார்கள்” என்று செய்திகள் எழுதின.

ஒப்புக்கொள்வது குற்றம் செய்தவர் வேலை. கிரீமில் பாதரசம் கலந்தவரும், இறக்குமதி செய்தவரும், விற்றவரும் எதையும் ஒப்புக்கொண்டதாகச் செய்தி இல்லை. பூசியவர் மட்டும் கூண்டில் நிற்கிறார். அழகுசாதன நஞ்சு பற்றி நாம் படிக்கும் பெரும்பாலான விழிப்புணர்வு எழுத்து இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

பாதரசம் ஏன் கிரீமுக்குள் போகிறது? தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. விலை மலிவு, சில வாரங்களில் பலன் தெரியும். பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். அதனால் மறுபடி வாங்க வேண்டும். இதற்கிடையில் அது தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. கிரீமிலிருந்து ஆவியாவதை வீட்டுக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

“லேபிளைப் படியுங்கள், மலிவானதை வாங்காதீர்கள்” என்பது வழக்கமான அறிவுரை. இதைக் கோட்டக்குப்பத்தில் வைத்துப் பார்ப்போம். புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டிய ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலே போனால் மரக்காணம் உப்பளங்கள். வளைகுடா போய்வரும் குடும்பங்களில் சோப்பு, சென்ட்டோடு கிரீமும் பரிசாக வந்து இறங்கும். மற்றவர்களுக்கு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. டப்பாவில் எழுத்து அரபியிலோ சீனத்திலோ உருதுவிலோ இருந்தால் எதைப் படிப்பது? தமிழிலேயே இருந்தாலும், சட்டத்தை மீறிப் பாதரசம் சேர்ப்பவர் அதை லேபிளில் எழுதுவாரா? பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. முடியாத காரியத்தைப் பெண்ணின் கடமையாக்கிவிட்டு, நோய் வந்ததும் அவளுடைய அறியாமை என்கிறோம்.

விலை கூடியது பாதுகாப்பானது என்பதும் அரை உண்மைதான். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் சந்தையிலிருந்த 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தது. 14இல் பாதரசம் இருந்தது. 30 லிப்ஸ்டிக்குகளில் 15இல் குரோமியமும் 13இல் நிக்கலும் இருந்தன. கடத்தல் கிரீம்களில் இருப்பதைவிட இந்தப் பாதரச அளவு மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், கண் பகுதிக்கானவை தவிர மற்றவற்றில், உள்நோக்கமின்றிக் கலக்கும் பாதரசம் 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனிவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்த முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. அளவு கடுமையானதுதான், ஃபேன்சி ஸ்டோர் டப்பாவை எடுத்து அளப்பது யார்? உற்பத்தியாளரின் உள்நோக்கத்துக்கு விதியில் ஒரு சொல் இருக்கிறது. பூசுகிறவளுக்கோ “ஒப்புக்கொண்டாள்” மட்டும்.

அவளுடைய நோக்கத்தையும் கேட்போம். உப்பளத்தில் வெயில் காலம்தான் கூலி கிடைக்கும் காலம். அந்த வெயிலில் கறுத்த முகத்துக்குக் கல்யாணச் சந்தையில் விலை குறைவு. “பொண்ணு கொஞ்சம் நிறம் மட்டு” என்ற ஒரு வாக்கியம் வரதட்சணையில் எத்தனை பவுனை ஏற்றும் என்று அம்மாக்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஒரு டப்பா கிரீம் முட்டாள்தனம் இல்லை, மலிவான தற்காப்பு. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறியது, பெண் பார்க்க வருகிறவர்களின் கண் மாறவில்லை.

கோட்டக்கல் ஆய்வில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு: கிரீமை நிறுத்திய பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. எனவே காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால், கிரீமை நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரிடம் போக வேண்டும். “என்ன பூசுறீங்கம்மா?” என்று அவர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டால் பதில் தானாக வரும். அந்த டப்பா மருந்து ஆய்வாளரிடமும், அங்கிருந்து சோதனைக்கூடத்துக்கும், முடிவோடு கடைக்கும் இறக்குமதியாளரிடமும் போக வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.